கைவினைப் பொருள்களுக்கு எந்த இணையச் சந்தை? கிரவீன் தமிழர்கள் முன்னுள்ள தெரிவுகள்

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மையத்துக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள புறநகர் கிரவீன். 'மலர்களின் இடம்' என்று பொருள்படும் பூர்வகுடி மக்களின் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததாகக் கூறப்படுகிறது. அயலிலுள்ள பெண்டில் ஹில், டூங்காபி, வென்ட்வொர்த்வில் ஆகிய இடங்களோடு சேர்த்து, இலங்கையிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் குடியேறிய தமிழர்கள் செறிந்து வாழும் பகுதிகளில் ஒன்றாக இது விளங்குகிறது.

இத்தகைய குடியிருப்புகளில் கைவேலை தெரிந்தவர்களுக்குத் தேவை எப்போதும் இருந்து வந்துள்ளது. திருமணத்துக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் ஆராத்தித் தட்டுகள் வேண்டும். ஆரி வேலைப்பாடு செய்த ரவிக்கைகள், பட்டுநூல் வளையல்கள், கொலு அலங்காரங்கள், விருந்தினருக்குக் கொடுக்கும் தாம்பூலப் பைகள் என்று பட்டியல் நீளும். வேலைக்குச் செல்ல இயலாத தாய்மாருக்கும், தாயகத்தில் பெற்ற கல்வித் தகுதி புதிய நாட்டில் ஏற்கப்படாதவர்களுக்கும் இது முதல் வருமானமாக அமையக்கூடும்.

தெரிந்தவர்களுக்குச் செய்து கொடுப்பது என்ற நிலையிலிருந்து தெரியாதவர்களுக்கு விற்பது என்ற நிலைக்கு நகரும்போது, எந்த இணையச் சந்தையில் கடை திறப்பது என்ற கேள்வி எழுகிறது. கட்டணம் எங்கு குறைவு என்பதே வழக்கமாக முதலில் பார்க்கப்படும் விடயம். ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் இச்சந்தைகள் கடந்து வந்த பாதை, வேறொரு கேள்வியே முக்கியமானது என்பதைக் காட்டுகிறது. பொருளை வாங்குபவர் உண்மையில் யாருடைய வாடிக்கையாளர் என்பதே அக்கேள்வி.

எட்ஸியின் வளர்ச்சியும் மாற்றமும்

கைவினைப் பொருள்களுக்கான இணையச் சந்தை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது எட்ஸி. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 2005 ஆம் ஆண்டு சிறு குழுவினரால் இது தொடங்கப்பட்டது. பெருந்தொழிற்சாலைப் பொருள்களுக்கு மாற்றாக, செய்பவரும் வாங்குபவரும் நேரடியாகச் சந்திக்கும் இடம் என்பதே அதன் அடையாளமாக இருந்தது.

அந்த அடையாளம் படிப்படியாக மாறியது. விற்பனையாளர்கள் வெளி உற்பத்தியாளர்களின் உதவியைப் பெறலாம் என்று 2013 ஆம் ஆண்டு விதிகள் தளர்த்தப்பட்டன. 2015 ஏப்ரலில் நிறுவனம் பங்குச் சந்தைக்குச் சென்றது. முதலீட்டாளர்களின் அழுத்தத்துக்கு மத்தியில் 2017 ஆம் ஆண்டு தலைமை மாறியது. சமூகப் பொறுப்புள்ள நிறுவனங்களுக்கு வழங்கப்படும் பி-கார்ப் சான்றிதழையும் அதே ஆண்டில் அது கைவிட்டது.

ஒவ்வொரு விற்பனையிலும் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் பங்கு 3.5 சதவீதமாக இருந்தது. 2018 ஆம் ஆண்டு அது 5 சதவீதமாக உயர்த்தப்பட்டதோடு, பொருளை அனுப்பும் கட்டணத்தின் மீதும் அறவிடப்படலாயிற்று. 2022 ஏப்ரல் 11 ஆம் தேதி முதல் அது 6.5 சதவீதமானது. இதை எதிர்த்து ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வார காலம் தமது இணையக் கடைகளை மூடி வைத்தனர். ஆனால் கட்டண உயர்வு திரும்பப் பெறப்படவில்லை.

இப்போராட்டம் ஓர் அடிப்படை உண்மையை வெளிப்படுத்தியது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட விற்பனையாளர்கள் இருந்தும், அவர்களுக்குப் பேரம் பேசும் அமைப்பு எதுவும் இருக்கவில்லை. சந்தையின் விதிகளை எழுதுவதும், அவற்றை நடைமுறைப்படுத்துவதும், தகராறு வந்தால் தீர்ப்பு வழங்குவதும் ஒரே தரப்பாக இருந்தது. விற்பவருக்கு எஞ்சியிருந்த ஒரே உரிமை வெளியேறுவதுதான். தமது வாடிக்கையாளர்களை உடன் அழைத்துச் செல்ல முடியாதவருக்கு அந்த உரிமையாலும் பெரிய பயன் இல்லை.

ஒரு ஆராத்தித் தட்டின் கணக்கு

கட்டணங்களின் தாக்கத்தை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் விளக்கலாம். கிரவீனிலிருந்து ஒருவர் 60 ஆஸ்திரேலிய டாலர் விலையுள்ள ஆராத்தித் தட்டு ஒன்றை எட்ஸி மூலம் விற்பதாகவும், அதை அனுப்ப 10 டாலர் செலவாவதாகவும் கொள்வோம். மொத்தம் 70 டாலர் மீது 6.5 சதவீதம் என்றால் 4 டாலர் 55 சென்ட். பொருளைப் பட்டியலிட 20 அமெரிக்க சென்ட், அதாவது சுமார் 30 ஆஸ்திரேலிய சென்ட். இவை இரண்டும் சேர்ந்து 4 டாலர் 85 சென்ட் ஆகின்றன. அட்டை மூலம் பணம் பெறுவதற்கான கட்டணம் இதற்கு வெளியே உள்ளது.

கூகுள் போன்ற வெளித்தளங்களில் எட்ஸி கொடுத்த விளம்பரத்தைச் சொடுக்கிய ஒருவர் 30 நாட்களுக்குள் பொருளை வாங்கினால், விளம்பரக் கட்டணமாக மேலும் 15 சதவீதம் எடுக்கப்படும். இந்த எடுத்துக்காட்டில் அது 10 டாலர் 50 சென்ட். ஆக மொத்தம் 15 டாலர் 35 சென்ட். ஆண்டு விற்பனை 10 ஆயிரம் அமெரிக்க டாலருக்குக் குறைவான கடைகள் இந்த விளம்பரத் திட்டத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். அந்த அளவைத் தாண்டியவர்களுக்கு வீதம் 12 சதவீதமாகக் குறையும். ஆனால் விலகும் உரிமை இல்லை.

மணி, சரிகை, தட்டு ஆகியவற்றுக்கு 15 டாலரும், செய்வதற்கு இரண்டு மணி நேரமும் ஆகின்றன என்று வைத்துக்கொண்டால், விளம்பரம் இல்லாத விற்பனையில் உழைப்புக்குக் கிடைப்பது மணிக்குச் சுமார் 20 டாலர். விளம்பரம் மூலம் நடந்த விற்பனையில் அது 15 டாலருக்கும் கீழே செல்கிறது. ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலை 1 ஆம் தேதி முதல் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24 டாலர் 95 சென்ட் என்று நிர்ணயிக்கப்பட்டது. சுயதொழில் செய்பவருக்கு அச்சட்டம் பொருந்தாது என்றாலும், தமது உழைப்பை எந்த விலைக்கு விற்கிறோம் என்பதை அறிய அது நல்ல அளவுகோல்.

ஆகவே சந்தைக் கட்டணத்தை ஒப்பிடுவதற்கு முன்னர், பொருளின் விலையில் தமது உழைப்பு நேரம் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதைப் பார்க்க வேண்டியுள்ளது. உறவினருக்குச் செய்து கொடுத்த காலத்து விலையை அப்படியே இணையத்தில் போடுபவர்கள், எந்தச் சந்தையைத் தேர்ந்தாலும் நட்டமடையவே வாய்ப்பு அதிகம்.

மற்ற சந்தைகள்

ஆஸ்திரேலியாவில் 1999 ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் ஈபே, கைவினைப் பொருள்களுக்கென அமைந்ததல்ல. அங்கு கையால் கோர்த்த மாலையும் தொழிற்சாலை மாலையும் ஒரே பக்கத்தில் விலையால் மட்டும் ஒப்பிடப்படும். அமேசான் நிறுவனம் 2015 அக்டோபரில் கைவினைஞர்களுக்கான தனிப் பிரிவை அமெரிக்காவில் தொடங்கியது. விண்ணப்பித்து அனுமதி பெற்ற பின்னரே அதில் விற்க முடியும். விற்பனை விலையில் 15 சதவீதம் வரை நிறுவனத்துக்குச் செல்லும். 2007 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மேட்-இட் என்ற ஆஸ்திரேலியத் தளம், உள்நாட்டுக் கைவினைஞர்களை மட்டும் முன்னிறுத்தியது. இத்தகைய சிறிய தளங்களில் போட்டி குறைவு, பார்வையாளர்களும் குறைவு.

ஃபேஸ்புக்கின் மார்க்கெட்பிளேஸ் சேவை 2016 அக்டோபரில் ஆஸ்திரேலியா உட்பட நான்கு நாடுகளில் முதலில் அறிமுகமானது. நேரில் வந்து பெற்றுக்கொள்ளும் விற்பனைக்கு அங்கு கட்டணம் இல்லை. கிரவீனில் செய்த தட்டைப் பெண்டில் ஹில்லில் உள்ளவர் வாங்குவதற்கு இது ஏற்ற வழி. ஆனால் மோசடிகளும் அங்கு அதிகம். பேஐடி என்ற வங்கிப் பரிமாற்ற வசதியின் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பி, கணக்கை உயர்த்துவதற்குப் பணம் கட்டுமாறு கேட்பது விற்பவர்களைக் குறிவைக்கும் ஒரு வகை மோசடி. பேஐடி சேவை விற்பவருக்கு மின்னஞ்சல் அனுப்புவதும் இல்லை, பணம் கேட்பதும் இல்லை.

சந்தைகளும் மூடப்படுகின்றன

பெரிய நிறுவனம் நடத்தும் சந்தை நிலைத்து நிற்கும் என்ற நம்பிக்கைக்கும் உத்தரவாதம் இல்லை. ஜெர்மனியில் 2006 ஆம் ஆண்டு தொடங்கி ஐரோப்பாவில் எட்ஸியின் முக்கியப் போட்டியாளராக இருந்த டவாண்டா, 2018 ஆகஸ்ட் இறுதியில் மூடப்பட்டது. இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் அந்த முடிவு அறிவிக்கப்பட்டது. கடைகளை எட்ஸிக்கு மாற்றிக்கொள்ளுமாறு விற்பனையாளர்களிடம் கூறப்பட்டது.

ஆஸ்திரேலியாவிலும் இதேபோன்ற நிகழ்வுகள் உண்டு. வெஸ்ஃபார்மர்ஸ் குழுமம் 2019 ஆம் ஆண்டு 23 கோடி டாலருக்கு வாங்கிய கேட்ச் இணையச் சந்தை, 2025 ஏப்ரல் இறுதியில் செயற்பாட்டை நிறுத்தியது. வூல்வொர்த்ஸ் குழுமத்தின் மைடீல் அதே ஆண்டு செப்டம்பரில் மூடப்பட்டது. இவை பொதுச் சந்தைகள் என்றாலும், நாட்டின் இரு பெரும் வணிகக் குழுமங்களே ஒரே ஆண்டில் பின்வாங்கியது கவனிக்கத்தக்கது.

மூடப்படாத சந்தையிலும் பணம் தேங்கி நிற்கும் ஆபத்து உள்ளது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி வீழ்ந்தபோது, எட்ஸி விற்பனையாளர்கள் சிலருக்குப் பணம் தாமதமாகவே கிடைத்தது. அதே ஆண்டில் சில கடைகளின் வருவாயில் 75 சதவீதத்தை 45 நாட்கள் வரை நிறுத்திவைக்கும் நடைமுறைக்கு எதிராகப் பிரிட்டனில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அதன் பின்னர் பெரும்பாலானவர்களுக்கு அந்த அளவைக் குறைப்பதாக நிறுவனம் அறிவித்தது. அடுத்த தட்டுக்கான பொருளை இந்தத் தட்டின் பணத்தில் வாங்குபவருக்கு 45 நாட்கள் என்பது நீண்ட காலம்.

தொலைதூர வாடிக்கையாளர்களும் நிச்சயமானவர்கள் அல்லர். 800 டாலருக்கு மேற்படாத பொருள்களுக்கு அமெரிக்கா அளித்து வந்த சுங்க வரி விலக்கு 2025 ஆகஸ்ட் 29 ஆம் தேதி எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. அதையொட்டி ஆஸ்திரேலிய அஞ்சல் துறையும் இந்திய அஞ்சல் துறையும் அமெரிக்காவுக்கான பொதிகளில் பெரும்பாலானவற்றைத் தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது. அமெரிக்க வாடிக்கையாளர்களையே நம்பியிருந்த கடைகளுக்கு இது பெரும் பின்னடைவாக அமைந்தது.

'கையால் செய்தது' எது?

வெளிநாடு வாழ் தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் உண்டு. யாழ்ப்பாணத்தில் உறவினர் பின்னிய பனையோலைப் பெட்டியையோ, தமிழகத்திலிருந்து வரவழைத்த கொட்டானையோ கிரவீனிலுள்ளவர் தமது பெயரில் விற்கலாமா என்பதே அது. வெளிநாட்டிலிருந்து பேபால் மூலம் பணம் பெறும் வசதி இலங்கையில் உள்ளவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கிடைக்காதிருந்த நிலையில், புலம்பெயர்ந்த உறவினர் வழியாக விற்கும் எண்ணம் எழுவது இயல்பே.

ஆனால் வேறொருவர் செய்த பொருளைத் தாம் செய்ததாகக் காட்டுவதைக் கைவினைச் சந்தைகளின் விதிகள் அனுமதிப்பதில்லை. எட்ஸி 2024 ஜூலையில் விதிகளை மாற்றியமைத்து, தாமே செய்தது, தாமே வடிவமைத்தது, தேர்ந்தெடுத்துத் தருவது, செய்வதற்கான பொருள்களைத் திரட்டித் தருவது என நான்கு வகைகளாகப் பிரித்தது. பின்னியவரின் பெயரையும் ஊரையும் மறைக்காமல் சொல்வது விதிக்கு மட்டுமன்றி நியாயத்துக்கும் ஏற்றது. உறவினரின் பொருளை விற்க விரும்புவோருக்கு, கைவினை என்ற அடையாளம் கட்டாயமில்லாத சொந்த இணையத்தளமே பொருத்தமானதாக இருக்கலாம்.

ஆஸ்திரேலியாவின் உயிரியல் பாதுகாப்பு விதிகளும் கடுமையானவை. ஓலை, மரம், நார் ஆகியவற்றால் ஆன பொருள்களில் மண், விதை, மரப்பட்டை, உயிருள்ள பூச்சிகள் எதுவும் இருத்தலாகாது. மீறினால் பொருள் பறிமுதல் செய்யப்பட்டு அழிக்கப்படலாம்.

சட்டப் பொறுப்புகள்

எந்தச் சந்தையில் விற்றாலும் சில கடமைகள் விற்பவரையே சேரும். பொழுதுபோக்காகச் செய்வதற்கும் தொழிலாகச் செய்வதற்கும் ஆஸ்திரேலிய வரித்துறை வேறுபாடு காண்கிறது. தொடர்ந்து, லாப நோக்கோடு விற்பவர் தொழில் செய்பவராகவே கருதப்படுவார். அந்த வருமானம் வரிக் கணக்கில் காட்டப்பட வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 75 ஆயிரம் டாலரை எட்டினால் பொருள்கள் சேவை வரிக்குப் பதிவு செய்வது கட்டாயம். அரசின் உதவித்தொகை பெறுவோர் இவ்வருமானத்தை அறிவிக்க வேண்டும். தஞ்சம் கோரியவர்கள் உட்பட, வேலை செய்யும் அனுமதியற்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வீட்டிலிருந்து விற்பதும் வேலையாகக் கருதப்படக்கூடும் என்பதால் முன்கூட்டியே சட்ட ஆலோசனை பெறுவது அவசியம்.

பொருளின் பாதுகாப்பு குறித்த பொறுப்பும் உள்ளது. பொத்தான் வடிவ மின்கலங்கள் பயன்படும் பொருள்களுக்குக் கட்டாயத் தர விதிகள் 2022 ஜூன் 22 ஆம் தேதி முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றை விழுங்கிய குழந்தைகள் உயிரிழந்ததைத் தொடர்ந்தே இவ்விதிகள் வந்தன. ஆராத்தித் தட்டுகளிலும் கொலு அலங்காரத்திலும் வைக்கப்படும் சிறிய மின்விளக்குகள் பலவற்றில் இத்தகைய மின்கலங்களே உள்ளன. மின்கல அறை எளிதில் திறக்காதவாறு இருப்பதும், எச்சரிக்கைக் குறிப்பு இணைக்கப்படுவதும் கட்டாயம்.

சட்டம் விற்பவருக்கு ஓரளவு பாதுகாப்பும் அளிக்கிறது. சிறு தொழில்களுடன் செய்யப்படும் ஆயத்த ஒப்பந்தங்களில் நியாயமற்ற நிபந்தனைகளைச் சேர்ப்பது 2023 நவம்பர் 9 ஆம் தேதி முதல் தண்டத்துக்குரிய சட்டமீறலாக்கப்பட்டது. எனினும், தனியொரு கைவினைஞர் பன்னாட்டு நிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுப்பது நடைமுறையில் எளிதன்று.

இந்தியாவில் இருந்த ஒரு தடை அண்மையில் நீங்கியுள்ளது. இணையச் சந்தை வழியாக விற்பவர் எவ்வளவு சிறியவராயினும் ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டும் என்ற நிபந்தனை முன்னர் இருந்தது. 2023 அக்டோபர் 1 ஆம் தேதி முதல், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு விற்பனையாளர்களுக்கு இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. மாநில எல்லையைத் தாண்டி இணையச் சந்தை மூலம் விற்போருக்கு அவ்விலக்கு இல்லை.

தேர்வு செய்யும்போது

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, ஒரு சந்தையைத் தேர்வதற்கு முன் ஐந்து கேள்விகளுக்கு விடை காண வேண்டியுள்ளது. பட்டியல், விற்பனை, பணப் பரிமாற்றம், விளம்பரம் ஆகிய நான்கு கட்டணங்களும் போன பின் உழைப்புக்கு மணிக்கு எவ்வளவு எஞ்சும்? பணம் எத்தனை நாளில் கைக்கு வரும்? தகராறில் யார் தீர்ப்பளிப்பார்கள்? அச்சந்தைக்கு வருபவர்களுக்கு ஆராத்தித் தட்டு என்றால் என்னவென்று தெரியுமா? நாளை அது மூடப்பட்டால், வாங்கியவர்களை மீண்டும் அடைய வழி உண்டா?

கடைசிக் கேள்வியே பெரும்பாலும் கேட்கப்படாமல் விடப்படுகிறது. எட்ஸி போன்ற தளங்களில் வாங்கியவரின் மின்னஞ்சல் முகவரியை அவரது ஒப்புதல் இன்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்த முடியாது. தளத்தில் கண்ட பொருளை வெளியே வாங்குமாறு அவரைத் தூண்டுவதும் விதிமீறல். எனவே சொந்த வாடிக்கையாளர் வட்டத்தைச் சந்தைக்கு வெளியேதான் கட்ட வேண்டும்.

அந்த வகையில் கிரவீன் தமிழர்களுக்குப் பலருக்கு இல்லாத ஒரு வாய்ப்பு உண்டு. மேஸ் ஹில் முருகன் கோயிலும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும், தீபாவளி, பொங்கல் விழாக்களும் ஆண்டு முழுவதும் வாடிக்கையாளர்களை ஓரிடத்தில் கூட்டுகின்றன. அங்கு அறிமுகமானவர்களின் ஒப்புதலோடு சேர்த்த ஒரு வாட்ஸ்ஆப் பட்டியல், இணையச் சந்தைகள் பறிக்க முடியாத உடைமை. ஆஸ்திரேலிய வணிக எண் பெற்றவர்கள் நாட்டின் பெயர் கொண்ட சொந்த இணைய முகவரியையும் பதிவு செய்யலாம்.

பெரிய இணையச் சந்தைகள் தேவையற்றவை என்பது இதன் பொருள் அல்ல. மெல்பேர்ணிலோ லண்டனிலோ டொரொன்டோவிலோ திருமணம் வைத்திருக்கும் ஒரு குடும்பம் கிரவீனில் உள்ள கைவினைஞரைக் கண்டுபிடிக்க அவை உதவும். ஆனால் அவை வாடகைக்கு எடுத்த காட்சி அறைகள் மட்டுமே. வாடகையும் விதிகளும் மாறும், சில வேளைகளில் கட்டடமே பூட்டப்படும் என்பதைக் கணக்கில் கொண்டு கடை திறப்பவர்களுக்கே அவற்றால் பயன் கிட்டும்.